பள்ளிக்கூடமும் செல்போன் டவரும்: கொஞ்சம் பழைய கதை



துபாயில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் ஆடியோ அனுப்பியிருந்தாள். "டீச்சர், அதிரையில பிள்ளையைச் சேர்த்த பள்ளிக்கூடத்துப் பக்கத்துலயே டவர் நிக்குது. வகுப்புல வைஃபை வேற. வேற பள்ளிக்கூடம் மாத்திடவா?" இதே கேள்வியை நம் ஊரில் பலர் கேட்டுவிட்டார்கள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது, பொறுமையாகப் படியுங்கள்.

இந்தப் பயம் டவரோடு பிறந்ததில்லை. 1979-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் வெர்தைமர், லீப்பர் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புற்றுநோயால் இறந்த பிள்ளைகளின் வீடுகளில் பல, அதிக மின்சாரம் பாயும் கம்பிகளை ஒட்டி இருந்தன என்றார்கள். அன்று தொடங்கிய விவாதம் இன்னும் ஓயவில்லை.

நம் நாட்டில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-ல். கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு, டெல்லியில் இருந்த சுக்ராமிடம் பேசினார். அப்புறம் மொட்டை மாடிகளில் எல்லாம் டவர் முளைத்தது, பெற்றோருக்குக் கவலையும் முளைத்தது. 2011 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ரேடியோ அலைகளை "புற்றுநோயை உண்டாக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் வைத்தது. உண்டாக்குகிறது என்று சொல்லவில்லை. ஊறுகாய் போட்ட காய்கறிகளும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. ஆனால் பத்திரிகையில் தலைப்பு மட்டும்தானே பெரிசாக வரும்!

2012 செப்டம்பர் 1 முதல் மத்திய அரசு, டவர் கதிர்வீச்சின் வரம்பை உலக வரம்பில் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சதுர மீட்டருக்கு 4.5 வாட் இருந்தது 0.45 வாட் ஆனது. அந்த நவம்பரிலேயே ராஜஸ்தான் உயர் நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு மைதானம் இவற்றின் அருகில் உள்ள டவர்களை அகற்றச் சொன்னது.

வரம்பைக் குறைத்தது நல்ல காரியம். டவரை அகற்றச் சொன்னதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. காரணம் சொல்கிறேன். கோடியக்கரை கலங்கரை விளக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் தூரத்தில் கடலுக்குப் போகும், அடிவாரத்தில் இருட்டுதான். டவர் ஆன்டெனாவும் ஏறக்குறைய அப்படித்தான், அலையைப் பக்கவாட்டில் வீசும். இன்னொன்று, டவர் தூரமானால் கையில் உள்ள போன் சும்மா இருக்காது. கடைசி பெஞ்சில் இருப்பவன் தொண்டை கிழியக் கத்துகிற மாதிரி, சிக்னல் குறையக் குறைய அது தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். அந்தப் போனைத்தான் பிள்ளை காதில் ஒட்டி வைத்துக்கொள்கிறது.

வைஃபை விஷயத்தில் பிரான்ஸ் 2015-ல் ஒரு சட்டம் போட்டது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் காப்பகங்களில் வைஃபை கூடாது, தொடக்கப்பள்ளியில் பாடத்துக்குத் தேவையில்லாத நேரத்தில் அணைத்து வைக்க வேண்டும். செலவில்லாத ஏற்பாடு. நம் பள்ளிகளும் செய்யலாம்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நம் பக்கம் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் வெளிநாட்டில் நீங்கள் தவித்தது எனக்குத் தெரியும். டவர் வேண்டாம் என்றவர்களும் அன்றைக்கு டவரைத்தான் தேடினார்கள். கொரோனா காலத்தில் பாடமே போனுக்குள் போய்விட்டது. பள்ளிக்கூட வாசலில் நின்ற டவருக்குப் பயந்த நாம், நாள் முழுக்கப் போனை நாமே எடுத்துப் பிள்ளை கையில் கொடுத்தோம்.

2021-ல் நடிகை ஜூஹி சாவ்லா 5ஜிக்கு எதிராகப் போட்ட வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்து 20 லட்சம் அபராதம் விதித்தது, பிறகு அது 2 லட்சமாகக் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டு நடந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று 2024-ல் வெளியானது. செல்போனால் மூளைப் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. டவரால் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் கூடியதாகவும் தெரியவில்லை.

நம் மாவட்டத்தில் பள்ளிக்கூடம் பிள்ளைகளைக் கொன்ற நாள் ஒன்று உண்டு. 2004 ஜூலை 16, கும்பகோணம், 94 குழந்தைகள். கொன்றது கண்ணுக்குத் தெரியாத அலை இல்லை, எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த கீற்றுக்கொட்டகை. பள்ளி மாற்ற நினைப்பவர்கள் முதலில் படிக்கட்டின் அகலம், மழைக்கு ஊறும் சுவரில் போகும் வயர், தொங்கும் சுவிட்ச் போர்டு இவற்றைப் போய்ப் பாருங்கள்.

அப்படியும் டவர் மேல் சந்தேகம் இருந்தால், தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' இணையதளத்தில் அந்த டவர் விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கலாம். 4,000 ரூபாய் கட்டினால் நேரில் வந்து அளந்தும் கொடுப்பார்கள். பெற்றோர் நாற்பது பேர் சேர்ந்தால் தலைக்கு நூறு ரூபாய்தான்.