தேங்கும் நாட்களின் கணக்கு: காவிரிக் கடைமடையில் மழையும் பயிர்ச் சேதமும்

2022 நவம்பர் 11 அன்று மயிலாடுதுறை மாவட்டம் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. 122 ஆண்டுகளில் அங்கு காணாத மழை என்று அப்போது சொல்லப்பட்டது. 2021 சனவரியில் டெல்டாவில் பெய்த பருவம் தப்பிய மழை எந்த ஒரு நாளிலும் அந்த அளவை நெருங்கவில்லை. ஆனால் அது வந்த நேரம் பொல்லாதது. பொங்கலை ஒட்டி அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தது; சாய்ந்த கதிர் நீரில் கிடந்து முளைவிட்டது. நவம்பரில் மூழ்கும் பயிர் இளம்பயிர். தண்ணீர் சீக்கிரம் வடிந்தால் அதில் ஒரு பகுதியாவது தலைதூக்கும்; நாற்றும் கையில் காசும் இருந்தால் மறுநடவும் செய்யலாம். சனவரியில் அழிந்த கதிருக்கு மாற்று ஏதும் இல்லை. உழவு முதல் களை வரை செலவழித்த பணமெல்லாம் அந்தக் கதிரில்தான் இருந்தது.

ஆக, மழைமானி காட்டும் அளவைக் கொண்டு உழவரின் இழப்பை அறிய முடியாது. பயிர் எந்தப் பருவத்தில் இருந்தது, தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்ற இரண்டு கேள்விகளுக்கான விடைகளே இழப்பைத் தீர்மானிக்கின்றன. முதல் கேள்வியை வேளாண் துறையின் கணக்கெடுப்பு ஓரளவு கேட்கிறது. இரண்டாவதை நிவாரணம், கொள்முதல், காப்பீடு ஆகிய மூன்று ஏற்பாடுகளில் எதுவும் முறையாகக் கேட்பதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நெல் தண்ணீரில் வளரும் பயிர்தானே என்ற எண்ணம் நகரத்தில் மட்டும் இல்லை, கோப்புகளிலும் இருக்கிறது. வேர் நீரில் நிற்பதும் தோகை நீருக்குள் மூழ்குவதும் ஒன்றல்ல. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. முழுதாய் மூழ்கிய பயிர் மூச்சுக்காக மேலே நீள முயல்கிறது. சேர்த்துவைத்த மாவுச்சத்து அதிலேயே கரைந்துபோகிறது. சி.ஆர்.1009 சப்1 போன்ற ரகங்கள் இதற்கு மாறாக நடந்துகொள்கின்றன: மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்தி, சத்தைச் செலவழிக்காமல் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கின்றன. பயனுள்ள கண்டுபிடிப்புதான். ஆனால் அந்தக் காப்பு வளரும் பயிருக்கு மட்டுமே; பால் பிடித்த கதிருக்கும் முற்றிய மணிக்கும் அதனால் பயனில்லை. குறுவைக்கு விதைக்கும் குறுகிய கால ரகங்கள் பலவற்றில் விதையுறக்கமும் குறைவு என்பதால், நனைந்த மணி கதிரிலேயே முளைத்துவிடுகிறது.

தண்ணீர் ஏன் நிற்கிறது? டெல்டாவின் கிழக்கு ஓரத்தில் நிலம் கிட்டத்தட்ட மட்டமானது. வெண்ணாற்றுப் படுகையின் வெள்ளையாறு, பாண்டவையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு ஆகியவை பாசனத்துக்கும் அவையே, வடிகாலுக்கும் அவையே. மேலே இருப்பவர் வடித்த நீர் கீழே இருப்பவருக்குப் பாய்ச்சலாக வரும் ஏற்பாடு இது. ஜூன் மாதத்தில் கடைமடைக்காரர் அந்த நீருக்குக் காத்திருக்கிறார். நவம்பரில் அதே நீருக்கு அஞ்சுகிறார். கடலில் ஓதம் ஏறியிருக்கும்போது முகத்துவாரம் நீரை ஏற்பதில்லை. ஆகாயத்தாமரை அடைத்த வாய்க்காலில் வரும் நீருக்கு அந்த நேரத்தில் வயலைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. 1934-இல் மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் வந்தபிறகு டெல்டாவைப் பற்றிய பொதுப்பேச்சு தண்ணீர் திறப்பைச் சுற்றியே நடக்கிறது. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 செய்தியாகிறது. வடிகால் தூர்வாரப்பட்டதா என்பது மழை வந்தபிறகுதான் செய்தியாகிறது. கர்நாடகத்திடம் நீர் கேட்டுப் போராடும் அதே உழவர் வடிகாலுக்காகச் சாலை மறியல் செய்வதை முரண்பாடாகக் காண்பவர்களுக்கு இந்த நிலவமைப்பு தெரியாது.

44 செ.மீ. மழையை எந்த வடிகாலும் தாங்காது என்று மறுக்கலாம். அன்றைக்குத் தாங்காதுதான். ஆனால் மூன்றாம் நாள் வடிகிறதா, பத்தாம் நாள் வடிகிறதா என்பதில் மனிதர் கைக்கு வேலை இருக்கிறது.

நிவாரண விதிக்கு வருவோம். மாநிலப் பேரிடர் நிதியின் கணக்கில் 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமான பயிருக்கே இடுபொருள் மானியம். 2015-க்கு முன் இந்த வரம்பு 50 விழுக்காடு. பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் என்றிருந்தது பின்னர் 17,000 ஆனது. 2021-லும் 2023-லும் தமிழக அரசு 20,000 ரூபாய் அறிவித்தது. தொகையைப் பற்றி வாதிடலாம். எனக்குப் பெரிதாகப் படுவது 33 விழுக்காட்டைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் முறை. தண்ணீர் வடிந்த மறுநாள் பச்சையாய்த் தெரியும் பயிர் பத்து நாளில் அழுகலாம். பூக்கும்போது மழையில் அடிபட்ட கதிரின் பதர் அறுவடை இயந்திரத்துக்குப் பின்தான் தெரியும். அலுவலர் வந்துபோன நாளில் அந்தச் சேதம் பிறந்திருக்கவே இல்லை.

கொள்முதலிலும் இதே கதை. 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் திரும்பும். 22 விழுக்காடு வரை தளர்த்துமாறு மாநில அரசு கேட்பதும் மத்தியக் குழு வந்து மாதிரி எடுப்பதும் ஆண்டுச் சடங்காகிவிட்டன. 2025 அக்டோபர் குறுவையிலும் நடந்தது. நிலையத்தின் வாசலில் தார்ப்பாய் போர்த்திய குவியல் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஈரம் ஏறுகிறது. அந்தத் தாமதம் உழவர் செய்ததல்ல; விலைக்குறைவு மட்டும் அவருடையது. அறுவடைச் செலவும் அவருடையதே: சேற்று வயலில் டயர் வைத்த அறுவடை இயந்திரம் இறங்காது. பெல்ட் வைத்த இயந்திரத்துக்கு வாடகை கூடுதல். சாய்ந்த பயிரை அறுக்க நேரமும் கூடும், வாடகையோ மணிக்கணக்கு.

வீட்டுக்கும் நாட்கணக்கே பொருந்தும். மழையில் நின்ற மண்சுவர் பல இடங்களில் வெயில் அடித்தபின்தான் விழுகிறது. வைக்கோல் அழுகினால் மாட்டுக்குக் கோடை வரை தீவனம் இல்லை; விற்கத்தான் வேண்டும், அதுவும் எல்லோரும் விற்கும் நேரத்தில். நடவுக்கும் களைக்கும் போகும் பெண்களுக்கு வயல் மூழ்கிய நாளெல்லாம் கூலி இல்லாத நாள். அவர்கள் பெயரில் பயிர் இல்லாததால் பயிர்ச் சேதமும் இல்லை. 2022-இல் சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய் தரப்பட்டது. எத்தனை நாள் கூலி போனது என்பதோடு அந்தத் தொகைக்குத் தொடர்பில்லை.

காப்பீட்டில் விடுபடல் இன்னும் வெளிப்படையானது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தனி வயல் நீரில் மூழ்கினாலும் இழப்பீடு கோரலாம் என்ற பிரிவு 2016-இல் இருந்தது; 2018 திருத்தத்தில் நெல் அதிலிருந்து நீக்கப்பட்டது. நீரில் வளரும் பயிர் என்பது காரணங்களில் ஒன்று. கடைமடையில் அதிகம் மூழ்கும் பயிருக்கு மூழ்குதல் ஆபத்தாகக் கருதப்படாமல் போனது. கிராம அளவிலான சராசரி விளைச்சலே அதன்பின் கணக்கு. ஒரே கிராமத்தில் மேட்டு வயல் நன்றாக விளைந்தால் பள்ளத்து வயலின் இழப்பு அந்தச் சராசரிக்குள் மறைந்துவிடும். 2026 கரீப் பருவம் முதல் நெல்லை மீண்டும் அந்தப் பிரிவில் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. வரவேற்கலாம். ஆனால் 72 மணி நேரத்துக்குள் முறையிட வேண்டும் என்ற விதி, பத்தாம் நாள் தெரியும் சேதத்தை எப்படிப் பிடிக்கும்? முதல் முறையீட்டைப் பதிந்துகொண்டு, நீர் வடிந்தபின் இரண்டாம் முறை வயலைப் பார்க்கும் ஏற்பாடு இல்லாமல் இந்தச் சேர்க்கை பாதிதான் பயன்படும். ஒவ்வொரு வடிகாலின் கடைசியிலும் நீர்மட்டத்தை நாள்தோறும் குறித்துவைத்தால் அதற்கான சான்றும் கிடைக்கும். இதற்குச் செயற்கைக்கோள்கூட வேண்டாம். ஓர் அளவுகோலும் ஒரு பதிவேடும் போதும்.

அந்தப் பதிவேடு இருந்தாலும் அது யார் பெயரில் சான்று தரும் என்ற சிக்கல் மிஞ்சும். டெல்டாவில் கோயில், மடங்களின் நிலம் ஏராளம். வாய்மொழிக் குத்தகையும் குறைவில்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்தது. பதிவில்லாத குத்தகைதாரர், பயிரிட்டவரைக் காட்டும் கிராமப் பதிவான அடங்கல் கேட்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போனால், நில உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும் என்ற பதிலோடு திரும்புகிறார். நீர் நின்ற நாட்களைத் துல்லியமாகக் கணக்கிட்டாலும், பயிரிட்டவர் பெயர் அடங்கலில் ஏறாதவரை அந்தக் கணக்கின் பணம் பட்டாதாரரின் வங்கிக் கணக்குக்கே போகும்.