கறியும் மிளகாயும்: ஒரு விருந்துத் தட்டின் வரலாறு

சென்ற மாதம் நம் இல்லத்தில் இலக்கிய நண்பர்கள் நால்வர் கூடினர். உணவுக்கு முன் கொறிப்பதற்கென்று ஒரு தட்டை நிரப்பி வைத்தோம். மிளகாய் பஜ்ஜி, காரம் தூவிய உருளைக்கிழங்கு வறுவல், மசாலா வேர்க்கடலை, வறுத்த முந்திரி, ஓரத்தில் கொஞ்சம் மிளகு வடை. தட்டைப் பார்த்த மூத்த நண்பர், 'சங்க காலம் தொட்டுத் தமிழன் விருந்தினருக்கு வைத்த காரம் அல்லவா இது!' என்று பூரித்தார். வகுப்பறையில் பத்துப்பாட்டு நடத்தும் நமக்கு அதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

மிளகாய், உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, முந்திரி ஆகிய நான்குமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த பின்னர், பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியே மிளகாய் இந்தியக் கரைக்கு வந்தது. இந்த நான்கையும் விலக்கினால் நம் தட்டில் எஞ்சுவது மிளகு வடை மட்டுமே.

சங்கப் புலவர்கள் மிளகைக் 'கறி' என்றனர். தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு வழியிலுள்ள ஊர்களில் என்னென்ன உணவு கிடைக்கும் என்று பெரும்பாணாற்றுப்படை விரித்துரைக்கிறது. அந்தணர் இல்லத்தில் கிடைப்பவற்றுள் ஒன்று, மாதுளையின் பசுங்காயைப் பிளந்து, வெண்ணெயில் வேகவைத்து, மிளகும் கறிவேப்பிலையும் கலந்த பண்டம். உடன் மாவடு ஊறுகாயும் உண்டு. விருந்தினர்முன் வைத்த காரத் தட்டு ஒன்றின் பழைய சாட்சியமாக இதைக் கொள்ளலாம்.

அந்த மிளகு எளிய சரக்கன்று. யவனர் பொன் கொணர்ந்து மிளகு பெற்றுச் சென்றதை அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது. எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தில், கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தியச் சாடி ஒன்றில் ஏறத்தாழ ஏழரைக் கிலோ மிளகைத் தொல்லியலாளர் கண்டெடுத்தனர். 408இல் ரோமை முற்றுகையிட்ட அலாரிக், விலகிச் செல்லக் கேட்ட பொருள்களில் 3000 பவுண்டு மிளகும் இருந்தது.

கொலம்பஸ் 1492இல் கடலேறியபோது தேடியவற்றுள் மிளகும் ஒன்று. கிடைத்தது மிளகாய். ஸ்பானியர் அதற்கு மிளகை ஒட்டியே பெயரிட்டனர். நம்மவரும் அவ்வாறே மிளகையும் காயையும் சேர்த்து 'மிளகாய்' என்றனர். தமக்குத் தெரிந்த காரத்தைக் கொண்டே தெரியாத காரத்தை இரு சாராரும் அடையாளம் கண்டனர்.

வந்தவன் வீட்டுக்காரனை வென்றதற்குக் காரணம் உண்டு. மிளகுக் கொடிக்கு மழை பொழியும் மலைச்சரிவும் பற்றிப் படர மரமும் வேண்டும். மிளகாய்ச் செடியோ புழக்கடையிலும் முளைக்கும், வறண்ட இராமநாதபுரத்துக் கரிசலிலும் காய்க்கும். விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்த காரம், ஏழை வீட்டுக் கொல்லைக்கு வந்து சேர்ந்தது.

ஆயினும் மிளகு முற்றிலும் தோற்றுவிடவில்லை. முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றம், தான் என ஐவரைப் பேணுவது இல்லறத்தான் கடமை என்கிறார் வள்ளுவர். இவர்களுள் பின் மூவரும் மிளகாய்க்கு மாறிவிட்டனர்; முன் இருவர் மாறவில்லை. காஞ்சி வரதராசப் பெருமாளுக்குப் படைக்கும் கோயில் இட்லியில் மிளகும் சீரகமும் சுக்கும்தான் காரம். ஆஞ்சநேயருக்குச் சாற்றுவது மிளகு வடை மாலை. சில குடும்பங்களில் திவசச் சமையலுக்கு இன்றும் மிளகாய் ஆகாது.

நம் தந்தையாரின் திவசத்தன்று வைக்கும் மிளகுக் குழம்பைச் சிறு வயதில் நாம் முகஞ்சுளித்தே உண்டோம். மிளகாயற்ற அந்த இலை ஒரு தண்டனையாகவே தோன்றியது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய நம் அடுக்களை ஆண்டுக்கு ஒருநாள் நம்முன் பரிமாறப்பட்டதை அப்போது நாம் அறியவில்லை. அம்மாவிடம் ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, இப்போது கேட்க அவரும் இல்லை.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்ததும் மூத்த நண்பர் சற்று வாடினார். 'அப்படியானால் இந்த பஜ்ஜி நம்முடையதில்லையா?' என்றார். 'விருந்து' என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள்; புதிதாய் வந்தவரையே விருந்து என்றோம். வந்த விருந்து ஐந்நூறு ஆண்டு தங்கிவிட்டால் அதை இனியும் அயல் என்பது பண்பாகாது என்றோம். அவர் சிரித்துக்கொண்டே ஒரு பஜ்ஜியை எடுத்தார். நாம் மிளகு வடையை எடுத்துக்கொண்டோம்.