கறுப்புத் திரை: யாருடைய குற்றம்?

லினக்ஸை நிறுவி முடித்ததும் திரை கறுத்து நின்றுவிட்டால், 'சும்மா கிடைக்கிற சரக்கு இப்படித்தான் இருக்கும்' என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். இது அப்பாவித்தனமான பேச்சு அல்ல. ஒரு வரலாற்றையே மறைத்துவிட்டு, குற்றத்தைப் பயனாளியின் அறியாமை மீதும் நிரல் எழுதியவர்களின் அரைகுறைத்தனம் மீதும் சுமத்துகிற பேச்சு.

எக்ஸ் சாளர அமைப்பு 1984இல் எம்.ஐ.டி.யில் தொடங்கியது; பதினோராம் பதிப்பு 1987இல் வந்தது. அதைச் சாதாரண பி.சி.களுக்குக் கொண்டுவந்தது தொண்ணூறுகளின் எக்ஸ்ஃப்ரீ86 கூட்டு முயற்சி. அன்று திரையில் படம் வரவேண்டுமென்றால் ஓர் அமைப்புக் கோப்பைக் கையால் திருத்தியாக வேண்டும். மானிட்டரின் கிடைமட்ட, செங்குத்து அலைவெண்கள் என்ன, ஒவ்வொரு தெளிவளவுக்கும் உரிய 'மோட்லைன்' எண்வரிசை என்ன, எல்லாம் எழுத வேண்டும். தப்பான எண்ணைக் கொடுத்தால் பழைய மானிட்டர் கெட்டே போகலாம் என்ற எச்சரிக்கை வேறு.

மானிட்டரின் எண்களாவது கையேட்டில் கிடைத்தன. கிராஃபிக்ஸ் கார்டின் உள்விவரம்? டயமண்ட் நிறுவனம் தன் கார்டுகளின் விவரத்தை ரகசிய ஒப்பந்தம் இல்லாமல் தர மறுத்த காலம் உண்டு. எல்லாரும் படிக்கத் திறந்து வைக்கும் நிரலை ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு எப்படி எழுதுவது? கார்டைக் காசு கொடுத்து வாங்கியவருக்கே அதனோடு பேசும் மொழி விலக்கப்பட்டிருந்தது. அறிவு கம்பெனியின் பெட்டிக்குள். உழைப்பு பயனாளியின் தலையில்.

முரண் வெளியில் மட்டும் இருந்ததாகச் சொல்ல முடியாது. 2004இல் எக்ஸ்ஃப்ரீ86 தன் உரிமத்தில் புதிய நிபந்தனையைச் சேர்த்தபோது லினக்ஸ் வெளியீடுகள் பலவும் அதைக் கைவிட்டு எக்ஸ்.ஆர்க் பக்கம் போயின.

மாற்றம் வந்த வழியைப் பார்க்க வேண்டும். ஏ.எம்.டி. 2007இல் தன் சிப்களின் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. 2009இல் திரையின் தெளிவளவை அமைக்கும் வேலை கர்னலுக்குள் வந்தது. மானிட்டர் தன் திறனைத் தானே சொல்ல, கோப்பு எழுதும் தேவை பெரும்பாலும் ஒழிந்தது. என்விடியாவின் விஷயம் வேறு. மூடிய டிரைவர் கார்டுக்கு என்ன எழுதுகிறது என்பதை வேவு பார்த்து, ஊகித்து, 'நூவோ' என்ற திறந்த டிரைவரைத் தன்னார்வலர்கள் உருவாக்கினார்கள். 2010இல் அது கர்னலில் சேர்ந்தது. 2012இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஃபின்லாந்து மேடையில் அந்த நிறுவனத்தை நோக்கி நடுவிரலைக் காட்டியது வெறும் கோபமா என்ன?

2014இல் வந்த கார்டுகளிலிருந்து, நிறுவனம் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் கார்டு முழு வேகத்தில் ஓடாது என்றாயிற்று. நூவோ தவழ்ந்தது. மூடிய டிரைவரை நாடினால் இன்னொரு தொல்லை: கர்னல் மாறும்போதெல்லாம் அதன் இணைப்பை மறுபடி கட்ட வேண்டும், கட்டுவது தவறினால் மறுபடி கறுப்புத் திரை. 'நோமோட்செட்' என்று கர்னலுக்குச் சொன்னால் திரை தற்காலிகமாக வரும். அது ஊன்றுகோல், வைத்தியமல்ல.

2022இல் என்விடியா தன் கர்னல் பகுதியைத் திறந்தது. நல்லதுதான். ஆனால் சூட்சுமங்களில் பெரும்பகுதி கார்டுக்குள் ஓடும் ஃபர்ம்வேருக்கு இடம்பெயர்ந்திருந்தது. அது மூடியே இருக்கிறது. 2024இல் வந்த 6.7 கர்னலில் நூவோவுக்கு வேகம் கிடைத்ததும் இந்த மூடிய ஃபர்ம்வேரின் தோளில் ஏறித்தான்.

திறப்பு என்ற சொல்லைக் கொண்டாடுகிற நாம், எது திறந்தது என்பதோடு, மூடியது எங்கே நகர்ந்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.