தீயணைப்புத் துறைக்கு எத்தனை மார்க் போடலாம்?

"வண்டி லேட்டாத்தான் வந்துச்சு." தீ விபத்து நடந்த எந்த ஊரில் விசாரித்தாலும் முதலில் கேட்பது இதுதான். சென்னையில் 1908இல் தீயணைப்புப் படை தொடங்கியதிலிருந்தே மக்கள் கையில் இருக்கும் அளவுகோல் இது. அரசின் கணக்கும் அதேதான்: நகரத்தில் 5 முதல் 7 நிமிடத்திலும் கிராமத்தில் 20 நிமிடத்திலும் வண்டி வந்து சேர வேண்டும்.

ஆனால் நிமிடக் கணக்கு மட்டும் போதுமா? திண்டுக்கல்லையே எடுத்துக்கொள்வோம். 2024 டிசம்பர் 12 இரவு, திருச்சி சாலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தது. புகைக்குள்ளிருந்து நோயாளிகள் மீட்கப்பட்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்கள். லிஃப்டில் சிக்கியவர்களுக்குப் புகைதான் எமனானது. ஒரு சிறுமி உட்பட 6 பேர் இறந்தார்கள். பிழைத்தவரிடம் கேட்டால் ஒரு மார்க், இறந்தவர் வீட்டில் கேட்டால் வேறு மார்க். சராசரி போட்டால் இரண்டுமே காணாமல் போகும்.

கிராமப்பக்கம் கதையே வேறு. அங்கே இந்தத் துறையின் பாதி வேலை 'மீட்பு'தான்: கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு. மாட்டைக் கயிறு கட்டித் தூக்கிக் கொடுத்தவருக்கு ஊரே நூற்றுக்கு நூறு போடும்!

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் கருகியதற்கு வண்டியின் வேகத்தை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. சமையலறைத் தீ பரவியது கீற்றுக் கூரையில். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளைப் பிரிக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டது.