செல்ஃப் எடுக்கலையா? மணிக்கட்டு எலும்புல இருந்து ஆரம்பிப்போம் (இழை)

போன வாரம் டூட்டில ஒரு எக்ஸ்ரே. பைக்ல இருந்து விழுந்த பையன். மணிக்கட்டுல ரேடியஸ் எலும்போட கட்டைவிரல் பக்க நுனி உடைஞ்சிருக்கு. ஹவுஸ் சர்ஜன் கரெக்டா சொன்னார்: "ஷோஃபர்ஸ் ஃப்ராக்சர் சார்." ஏன் அந்தப் பேருன்னு கேட்டேன். முழிச்சார். ஷோஃபர்னா கார் டிரைவர். ஸ்டியரிங் பிடிச்சா எலும்பு உடையுமா?

ஸ்டியரிங் இல்லீங்க, ஹேண்டில். ஆரம்பகால கார்களுக்கு முன்னாடி இரும்பு ஹேண்டிலைச் சொருகி, கையால சுத்தித்தான் இன்ஜினை எழுப்பணும். இக்னிஷன் டைமிங்கைத் தாமதமா வைக்க மறந்தா, பெட்ரோல் முன்கூட்டியே வெடிச்சு இன்ஜின் எதிர்ப்பக்கமா உதைக்கும். ஹேண்டில் திரும்பி உள்ளங்கையில அடிக்கும். கட்டைவிரலை ஹேண்டிலைச் சுத்திப் பிடிக்காதே, மத்த விரலோட சேர்த்து வை, கீழே அமுக்காதே, மேலே இழுன்னு பழைய டிரைவர்கள் சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

கை மட்டும் போகல. பைரன் கார்ட்டர்னு ஒரு கார் தயாரிப்பாளர் 1908-ல இறந்தார். பாலத்துல நின்னுபோன ஒரு அம்மாவோட காரை ஸ்டார்ட் பண்ணப் போய், ஹேண்டில் தாடையில அடிச்சு, அப்புறம் நிமோனியா வந்து செத்தார்னு கதை. பாலம், அந்த அம்மா எல்லாம் பின்னாடி சேர்ந்த மசாலாவா இருக்கலாம். ஆன்டிபயாட்டிக் இல்லாத காலத்துல தாடை உடைஞ்சு நிமோனியா வர்றது ரொம்பவே சாத்தியம்.

காடிலாக் கம்பெனியோட ஹென்றி லீலண்ட் இதுக்கு ஒரு வழி தேடினார். வழி கொடுத்தவர் சார்லஸ் கெட்டரிங். அவர் அதுக்கு முன்னாடி கடைக் கல்லாப்பெட்டி மெஷினுக்கு மின்மோட்டார் வச்சவர். இன்ஜினைச் சுத்துற அளவு மோட்டார்னா ராட்சசன் மாதிரி இருக்கும்னு மத்தவங்க நினைச்சாங்க. இவர், 'சில விநாடிதானே ஓடணும்? சின்ன மோட்டாரையே அதோட சக்திக்கு மீறி விரட்டலாம்'னு யோசிச்சார். 1912 மாடல் காடிலாக்ல அது வந்துடுச்சு. நம்ம செல்ஃபை விடாம பத்து செகண்டுக்கு மேல அமுக்கக்கூடாதுங்கறது அதனாலதான். மோட்டார் சூடாகிக் கருகிடும்.

இதே கெட்டரிங் பேர்லதான் நியூயார்க்ல ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் (1945). இதே கெட்டரிங்கோட ஆய்வுக்கூடத்துலதான் 1921-ல பெட்ரோல்ல ஈயம் கலக்கற யோசனையும் பிறந்தது. இந்தியா முழுக்க அதை நிறுத்தினது 2000-ல. எத்தனை குழந்தைங்களோட மூளைக்குள்ள அந்த ஈயம் போச்சோ. ஒரே மனுஷன்தாங்க. பாராட்டறதா திட்டறதான்னு எனக்கே தெரியல.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சிட்லபாக்கத்துல எங்க தெருவுல ரிட்டயர்டு சார் ஒருத்தர்கிட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கு. இங்க இருந்து கூப்பிடு தூரத்துல, வண்டலூர் ஃபேக்டரில பிறந்த வண்டி. 1961-ல ஹெரால்டு இங்க வர ஆரம்பிச்சது. நாலு கதவு ஹெரால்டு உலகத்துலயே இந்தியாவுல மட்டும்தான் செஞ்சாங்க. அதே 1961-லதான் செல்ஃப் மோட்டார் செய்யற லூகாஸ் டிவிஎஸ்ஸும் சென்னையில தொடங்கினது. பாடி பக்கம் பஸ்ல போறவங்களுக்கு அது ஒரு ஸ்டாப்பிங் பேரு.

"டாக்டர் தம்பி, செல்ஃப் எடுக்கல. மெக்கானிக் புது மோட்டார் போடணுங்கறான்"னு சார் கூப்பிட்டார். புது மோட்டாருக்கு எங்க போறது? கம்பெனி மூடியே பல வருஷம் ஆச்சு. பென்ஷன்ல இருக்கறவர் வேற.

பரிசோதிக்காம ஆபரேஷன் கிடையாது. முதல்ல சத்தம் கேட்டேன். 'டக்'னு மட்டும் கேட்டு நின்னா பேட்டரி, டெர்மினல் துரு, இல்லைன்னா பல்சக்கரம் ஃப்ளைவீல்ல மாட்டிக்கிட்டது. இங்க மோட்டார் ஜோரா சுத்துது, இன்ஜின் அசையல. அப்போ மின்சாரம் ஓகே, மோட்டாரும் ஓகே. கோளாறு பெண்டிக்ஸ்ல. அந்தக் கால மோட்டார்ல ஒரு திருகுத் தண்டு. மோட்டார் சடார்னு சுத்தும்போது பல்சக்கரம் மட்டும் பின்தங்கி, நட்டு மாதிரி தண்டுமேல நகர்ந்து ஃப்ளைவீல் பல்லைக் கவ்வும். தண்டு பிசுபிசுன்னு இருந்தா அது நகராது.

பேட்டரி எர்த் வயரை முதல்ல கழட்டினோம். (இதை மறந்து ஸ்பேனர் பாடில பட்டா வெல்டிங்தான்.) அப்புறம் மோட்டார் கேபிள், ரெண்டு போல்ட். கையில வந்துடுச்சு. பெண்டிக்ஸ் முழுக்கக் கறுப்பா, அல்வா மாதிரி அழுக்கு. "ஆயில் விட்டீங்களா சார்?" "போன மழைக்கு முன்னாடி நிறைய விட்டேன் தம்பி, துருப்பிடிக்குமேன்னு." அங்க ஆயிலே விடக்கூடாது. கிளட்ச் தூசி அதுல ஒட்டிப் பசையாயிடும்.

மண்ணெண்ணெய்ல கழுவி, பிரஷ் போட்டுத் தேய்ச்சு, உலர வச்சோம். கார்பன் பிரஷ் பாதி தேஞ்சிருந்தது, இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். திருப்பி மாட்டினதும் சார் சாவியைத் திருப்பினார். முதல் தடவையே எடுத்தது.

அப்புறம் சார் வலது மணிக்கட்டைக் காட்டினார். லேசா கோணல். 70-கள்ல ஒரு லாரிக்கு ஹேண்டில் போட்டப்போ உடைஞ்சதாம். "கட்டு வைத்தியர்கிட்ட போனேன், டாக்டர்கிட்ட போகல, கோச்சுக்காதீங்க."