ஃபலஜும் கண்மாயும்

அல் ஐன் சோலையில் பேரீச்சை மரங்களுக்கு நடுவே நடந்தால் குறுகலான வாய்க்கால் ஒன்று கூடவே வரும். சென்ற குளிர்காலத்தில் அங்கே போயிருந்தபோது, அமீரகத்திலேயே பிறந்து வளர்ந்த என் மகள் வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள்: "தண்ணி குறைஞ்சா முதல்ல யாருக்கு நிறுத்துவாங்கப்பா?" இதற்குப் பதில் தேடப்போய், இராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் கண்மாயில் வந்து நின்றேன்.

ஃபலஜ் என்பது மலையடிவாரத்தில் தாய்க்கிணறு தோண்டி, நிலத்தடி நீரை மெல்லிய சரிவுள்ள சுரங்கத்தின் வழியே ஊருக்குக் கொண்டுவரும் ஏற்பாடு. இறைப்பு என்பதே கிடையாது. அல் ஐனை ஒட்டிய ஹீலியில் அகழ்ந்தெடுத்த ஃபலஜ் இரும்புக் காலத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 3,000 ஆண்டுப் பழையது. ஓமானில் இன்னும் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. நிஸ்வாவின் ஃபலஜ் தாரிஸ் உட்பட ஐந்தை யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அல் ஐன் சோலைகள் 2011இல் சேர்ந்தன.

சுரங்கத்தைவிட என்னை வியக்க வைத்தது அதன் சட்டம்தான். ஊருக்குள் வரும் நீர் முதலில் குடிப்பதற்கு. பிறகு பள்ளிவாசலுக்கும் குளிப்பதற்கும். அதன்பின் பேரீச்சந்தோப்புக்கு; கடைசியில்தான் பருவப்பயிர். ஓமானில் ஏறத்தாழ அரைமணி நேரப் பாய்ச்சலுக்கு 'அதர்' என்று பெயர். பகலில் நிழலையும் இரவில் விண்மீன்களையும் பார்த்து முறை மாற்றினார்கள். சில பங்குகளை ஃபலஜின் பெயரிலேயே வைத்து, ஏலம்விட்ட பணத்தில் மராமத்து செய்தார்கள். தாய்க்கிணற்றைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் வேறு கிணறு தோண்டத் தடை இருந்தது. வறண்ட ஆண்டில் பருவப்பயிர் நிலத்தைத் தரிசாக விட்டு மரங்களைக் காப்பாற்றினார்கள். என் மகளின் கேள்விக்குப் பதில், பஞ்சம் வருவதற்கு முன்பே முடிவாகியிருந்தது.

இதில் அநீதியும் இருந்தது. வசதியான குடும்பங்களிடம் தண்ணீர்ப் பங்குகள் குவிந்தன. 1946இல் அல் ஐன் பகுதியின் நிர்வாகத்தை ஏற்ற ஷேக் சாயித், தூர்ந்த ஃபலஜ்களைத் தோண்டச் செய்ததோடு இந்தப் பங்கீட்டையும் திருத்தினார்.

நமக்கும் இது புதிதல்ல. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்த விதத்தைச் சொல்கின்றன. எங்கள் பக்கத்தில் கண்மாயின் மடையைத் திறந்து மூடியவர் நீர்கட்டி. எந்த வயலுக்கு எத்தனை நேரம் என்பது அவர் கையில். கூலி, களத்துமேட்டில் அளந்து கொடுக்கும் நெல். பல ஊர்களில் நீர்கட்டிகள் தலித்துகள், சொந்த நிலம் இல்லாதவர்கள். யாருக்கும் பக்கம் சாயாமல் தண்ணீர் பங்கிட அதுவே அவர்களுக்குத் தகுதியானது என்பது கசப்பான உண்மை.

இரண்டு ஏற்பாடுகளையும் உடைத்தது ஒரே இயந்திரம். வளைகுடாவில் எண்ணெய்ப் பணம் வந்தபின் மோட்டார் கிணறுகள் பெருகி, நிலத்தடி நீர் இறங்கி, ஃபலஜ்கள் வற்றின. அல் ஐன் வாய்க்கால்களில் இப்போது ஓடுவது பெரும்பாலும் இறைத்து விடும் தண்ணீர்.

எங்கள் ஊருக்கும் அதே பணம்தான் வந்தது, எங்கள் கை வழியாக. 1980களில் அபுதாபியில் கொத்து வேலை பார்த்த அப்பா, முதலில் வீடு கட்டினார்; அடுத்து வயலில் ஆழ்துளைக் கிணறு போட்டார். தண்ணீர் பீறிட்ட நாளில் ஊருக்கே மிட்டாய் கொடுத்தோம். அந்த வருடத்திலிருந்து கண்மாய்க் கூட்டத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. வெளிநாட்டுப் பணம் வந்த மற்ற வீடுகளும் அப்படித்தான். நெல் அளப்பது நின்றது. நீர்கட்டியின் பிள்ளைகள் திருப்பூர் போனார்கள். மடை துருப்பிடித்தது. அப்பா போட்ட கிணறு பதினைந்து ஆண்டில் வற்றியது.

தமிழக அரசு 2017இல் குடிமராமத்தைப் புதுப்பித்தபோது பல ஊர்களில் கரை உயர்ந்தது. இப்போது துபாயிலும் ஷார்ஜாவிலும் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் கண்மாயைத் தூர்வாரப் பணம் திரட்டுகிறோம். திர்ஹம் வேகமாகச் சேர்கிறது. "தூர்வாரியபின் மடையை யார் திறப்பது? தண்ணீர் குறைந்தால் யார் விட்டுக்கொடுப்பது?" என்று கேட்டேன். இரண்டு நாள் யாரும் பதில் சொல்லவில்லை.

பிறகு நானே ஒரு யோசனை வைத்தேன். திரட்டியதில் மூன்றில் ஒரு பங்கை வைப்புநிதியாக்கி, அதன் வட்டியிலிருந்து நீர்கட்டிக்கு மாதச் சம்பளம். எந்தச் சாதியாரும் அந்த வேலைக்கு வரலாம். ஆழ்துளைக் கிணறு வைத்திருக்கும் குடும்பங்களும் கூட்டத்துக்கு வந்து, வறண்ட ஆண்டில் எத்தனை ஏக்கரைத் தரிசாக விடுவோம் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. எங்கள் பங்கு நிலத்தில் ஒன்றரை ஏக்கர் என்று முதல் வரியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.