பொன் சூரிய அந்துப்பூச்சி

பொன் சூரிய அந்துப்பூச்சி (அறிவியல் பெயர்: சைனமோன் பிளேனா) தென்கிழக்கு ஆத்திரேலியாவின் புல்வெளிகளில் வாழும் ஒரு பூச்சியினம் ஆகும். 1854-இல் பிரான்சிசு வாக்கர் என்ற பிரித்தானியப் பூச்சியியலாளர் இதற்குப் பெயரிட்டார். அந்துப்பூச்சி என்றாலும் இது பகலில் பறக்கும். உணர்கொம்பின் நுனி பட்டாம்பூச்சியினுடையதைப் போல் தடித்திருக்கும். இதன் குடும்பமான காசுட்னியிடேயைச் சேர்ந்த பூச்சிகள் தென் அமெரிக்காவிலும் உள்ளன.

இதன் வாழ்வின் பெரும்பகுதி மண்ணுக்கடியில்தான் கழிகிறது. புழு, வாலபிப் புல் எனப்படும் குட்டைப் புல்லின் வேர்களைத் தின்று வளர்கிறது. முதிர்ந்து வெளிவரும் பூச்சிக்கு உண்பதற்கேற்ற வாயுறுப்பு கிடையாது. ஆகவே அது சில நாள்களே உயிர்வாழும். ஆண் பூச்சி வெயில் காயும் நடுப்பகலில் தாழப் பறந்து துணை தேடும். பெண் பூச்சியால் நன்றாகப் பறக்க இயலாது. தரையில் அமர்ந்தபடி ஆரஞ்சு நிறப் பின்னிறகுகளை விரித்துக் காட்டி ஆணை அழைக்கும்.

பெண் பறக்காததே இவ்வினத்தின் வரலாற்றைத் தீர்மானித்தது எனலாம். 1830-களில் ஆட்டு மந்தைகளுடன் வந்த குடியேறிகளுக்கு மரமற்ற இச்சமவெளிகள் வெட்டித் திருத்தத் தேவையில்லாத மேய்ச்சல் நிலமாகத் தெரிந்தன. அளவான மேய்ச்சலால் பூச்சிக்குப் பெரிய கேடில்லை. புல் குட்டையாக இருப்பது அதற்கு ஏற்றதே. பின்னர் வந்த உழவும், சூப்பர் பாசுபேட்டு உரமும், அயல்நாட்டுத் தீவனப் புற்களும்தான் வாலபிப் புல்லை அகற்றின. புல்வெளி துண்டு துண்டானது. ஒரு துண்டில் பூச்சி அழிந்தால், சில நூறு மீட்டர் தள்ளியுள்ள துண்டிலிருந்து கூடப் பெண் பூச்சி வந்து சேர முடியாது.

எஞ்சிய துண்டுகள் பல கான்பரா, மெல்பேர்ண் நகரங்களை ஒட்டி அமைந்ததால், வீட்டுமனைத் திட்டங்களுடன் மோதல் எழுந்தது. 2002-இல் ஆத்திரேலிய நடுவண் அரசு இதனை மிக அருகிய இனமாக அறிவித்தது. அதன்பின் கட்டுமானத்துக்கு முன் இப்பூச்சியைத் தேடிப் பார்க்கும் வழக்கம் பரவியது. தேடத் தேடப் புதிய இடங்கள் தெரியவந்தன. 2021-இல் இது அழிவாய்ப்பு இனம் என்ற குறைந்த படிநிலைக்கு மாற்றப்பட்டது. பூச்சி பெருகிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. முன்பு கணக்கில் வராதவை கணக்கில் வந்தன, அவ்வளவே.

இதில் ஒரு விந்தையும் உண்டு. சிலி ஊசிப்புல் ஆத்திரேலியாவில் ஒழிக்கப்பட வேண்டிய களை. ஆனால் இப்பூச்சியின் புழு அதன் வேரையும் தின்று வளர்கிறது. சில இடங்களில் அக்களையை முற்றாக அழித்தால் பூச்சியும் அழியக்கூடும் என்பதால், அதைச் சிறிது சிறிதாக அகற்றி, அந்த இடத்தில் வாலபிப் புல்லை வளர்க்க வேண்டியிருக்கிறது.